ஏட்டுச் சுரைக்காயும் கடைக் கணக்கும்

முன்னுரை

நெய்வேலி என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவன பழுப்பு நிலக்கரியும் மின்சாரமும் ஆகும். இவ்வூரிலேயே வளர்ந்த நமக்கோ மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வரும். அதுதான் தண்ணீர். 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் தோன்றி, 1957-இல் சுரங்க வேலை தொடங்கிய காலத்திலிருந்தே பொறியியலாளர்களுக்குப் பெருங்கவலை தந்தது கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரே. அந்நீரை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் மேலே கரியை வெட்ட முடியும். இறைப்பது நின்றால் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே இரவு பகல், பொங்கல் கிறிஸ்துமஸ் என்று பாராமல் பம்புகள் ஓடுகின்றன. "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் பேச்சுக்குச் சுரங்கத்தில் இடமில்லை.

இத்தகைய ஊரில் வாழும் நாம், நம் வீட்டிலும் கடையிலும் உள்ள கணிப்பொறியில் எழுதி வைத்திருக்கும் கணக்குகளை இவ்வளவு விழிப்போடு காக்கிறோமா? இல்லை என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் நேரில் கண்டோம். அதில் எங்கள் பிழையும் உண்டு. ஆகவே பிறருக்கு அறிவுரை கூறும் தகுதி எங்களுக்கு இருப்பதாக எண்ணி இதை எழுதவில்லை. பட்டுத் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறோம்.

எங்கள் தோழியின் கடை

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை நகரியத்துக்கு வெளியே பெரிய சாலையோரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் பல அவருடைய வாடிக்கையாளர்கள். மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பற்றில் வாங்கிக்கொண்டு, சம்பளம் வந்ததும் கடனைத் தீர்ப்பது அவர்கள் வழக்கம். முன்பெல்லாம் நீளமான பேரேட்டில் எழுதி வந்த இந்தப் பற்று வரவை, சில ஆண்டுகளுக்கு முன் அவர் கணிப்பொறிக்கு மாற்றினார்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று கணிப்பொறிப் பாடத்தில் கற்றோம். அந்தச் சனிக்கிழமையே எங்கள் தோழி தன் தந்தைக்கு ஒரு பென் டிரைவை வாங்கச் செய்தாள். நாங்கள் நால்வரும் உடன் சென்றோம். திரையில் தெரிந்த கணக்குப் படத்தைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவில் விட்டோம். ஒரு நொடியில் வேலை முடிந்தது. "இவ்வளவுதானப்பா, வாரம் ஒரு தடவை இப்படிச் செய்தால் போதும்" என்று அவள் சொன்னாள். அவரும் ஒரு வாரம் கூடத் தவறாமல் இரண்டு ஆண்டுகள் அப்படியே செய்து வந்தார்.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை பெரும் இடி இடித்தது. மறுநாள் காலை கணிப்பொறி இயங்கவில்லை. பழுது பார்க்க வந்தவர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார். தோழியின் தந்தை பதற்றப்படவே இல்லை. "அதனாலென்ன, என் மகள் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் இதில் வைத்திருக்கிறேன்" என்று பெருமையோடு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அதை வேறொரு கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார்கள். அதில் கணக்கு ஏதும் இல்லை. இருந்தது ஒரே ஒரு குறுக்குவழிப் படம்!

நடந்தது இதுதான். திரையில் தெரியும் சிறு படங்களுள் பல, கோப்பு எங்கே இருக்கிறது என்று சுட்டிக் காட்டும் கைகாட்டி மரம் போன்றவை. உண்மையான கணக்கு கணிப்பொறியின் உள்ளே வேறோர் இடத்தில் இருக்கும். நாங்கள் நகல் எடுத்தது கணக்கை அன்று, கைகாட்டியை மட்டுமே. வீட்டை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும் எழுதிப் பத்திரப்படுத்தினோம். ஒரு வீட்டுக் கணக்கு முழுவதும் ஒரு நொடியில் நகலாகிவிட்டதே என்று ஒருத்தியாவது ஐயப்பட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது அந்தப் பென் டிரைவைத் திறந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை.

தோழி மூன்று நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது அழுதுகொண்டிருந்தாள். அவள் தந்தையோ, "கை தவறுதல் யாருக்கும் வரும் பாப்பா. நீ சொல்லிக் கொடுத்தாய், நான் சரி பார்த்தேனா? தப்பு இரண்டு பேர் மேலும்தான்" என்று சொல்லித் தேற்றினார்.

எது மீண்டது, எது மீளவில்லை?

அதன் பின்பு நடந்தவையே எங்களுக்குப் பெரிய பாடமாயின. கடைக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிகள் தங்களிடமிருந்த பில்களின் படிகளைக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. வரிக்காகப் பதிவு செய்த விவரங்கள் அரசின் இணையத்தளத்தில் அப்படியே இருந்தன. வங்கிக் கணக்கு வங்கியில் இருந்தது. ஆனால் எந்தக் குடும்பம் எவ்வளவு பாக்கி என்பது மட்டும் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

வாடிக்கையாளர்களில் சிலர் பழைய வழக்கப்படி வீட்டில் சிறு பற்று நோட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி, "தம்பி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேரப்பிள்ளை அன்றன்றைக்கு எழுதிவிடுவான், இந்தா பார்" என்று தம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டு வைத்திருந்த வீடுகளின் கணக்கு ஒரு ரூபாய் குறையாமல் சரியாயிற்று. நோட்டு இல்லாத வீட்டார் பலர் மனச்சாட்சிப்படி ஒரு தொகையைச் சொன்னார்கள். சிலர் குறைத்துச் சொன்னார்கள் என்று கடைக்காரருக்குத் தோன்றிற்று. கூட்டிச் சொல்லிவிட்டோமோ என்று சிலருக்குத் தோன்றிற்று. பத்து ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் மனத்தாங்கலால் வேறு கடைக்குப் போய்விட்டது. அவர்கள் பொய் சொன்னார்களா, இவர் தவறாக எண்ணினாரா என்று இனி எவராலும் சொல்ல இயலாது.

வியாபாரக் கணக்கு என்பது பணத்தின் கணக்கு மட்டும் அன்று, மனிதருக்குள் இருக்கும் நம்பிக்கைக்குச் சாட்சியும் ஆகும் என்பதை அன்று உணர்ந்தோம். ஆகவே நகல் எடுக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "என்னிடம் உள்ளவற்றுள், வேறெங்கும் இல்லாதது எது?" அதையே முதலில் காக்க வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

நகல் எடுத்துக் காப்பது கணிப்பொறி வந்த பின் தோன்றிய புதுமை என்று எண்ணலாகாது. பனையோலை சில நூறு ஆண்டுகளில் செல்லரித்தும் ஒடிந்தும் அழிந்துவிடும். எனவே நம் முன்னோர் பழைய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொண்டே வந்தனர். ஒரு தலைமுறை சோர்ந்திருந்தால் சங்க நூல்கள் நம் கைக்கு வந்திரா.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தேடியதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் ஒரு நூலுக்கு ஒரு சுவடி கிடைத்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. பல இடங்களிலிருந்து பல படிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஒன்றில் சிதைந்த இடம் மற்றொன்றில் முழுமையாக இருந்தது. அவ்வாறே 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சேறின. பல இடங்களில் படிகள் இருப்பதும், படிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஆகிய இவ்விரண்டுமே இன்றும் நகல் காப்பின் உயிர்நாடிகள்.

ஒரே இடத்தில் மட்டும் வைத்தால் என்ன நேரும் என்பதற்குக் கண்ணீர் வரவழைக்கும் சான்று யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கிய கொடுமையில் அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. அச்சிட்ட நூல்களுக்கு வேறு பிரதிகள் கிடைத்தன. வேறு படி இல்லாத சுவடிகளோ போனவை போனவையே.

நம் திருச்சபையிலும் இதற்கென ஒழுங்கு இருந்தது. 1917-ஆம் ஆண்டில் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்குக் குருவும் ஞானஸ்நானம், திருமணம் முதலிய பதிவேடுகளின் படியை ஆண்டுதோறும் மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. பங்கு ஆலயத்தில் வெள்ளமோ தீயோ நேர்ந்தாலும் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதற்குச் சான்று வேறோர் ஊரில் இருக்கும். மின்சாரம் கூட எட்டாத ஊர்களில் இருந்த பங்குக் குருமார் இதைச் செய்து வந்தனர் என்றால், எல்லா வசதியும் பெற்ற நாம் செய்ய இயலாதா?

மூன்று, இரண்டு, ஒன்று

இக்காலத்தில் நிபுணர்கள் கூறும் எளிய விதி "மூன்று–இரண்டு–ஒன்று" என்பதாகும். இதைப் பரவச் செய்தவர் பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். தாம் எடுத்த படங்களைக் காக்க அவர் கைக்கொண்ட முறையே இன்று பெரிய நிறுவனங்களுக்கும் வழிகாட்டுகிறது.

மூன்று: எந்தத் தகவலும் அசலோடு சேர்த்து மூன்று படிகளாக இருக்க வேண்டும்.

இரண்டு: அவை இரண்டு வகையான பொருள்களில் இருக்க வேண்டும். ஒன்று கணிப்பொறிக்குள்ளே, மற்றொன்று வெளி ஹார்டு டிஸ்கில் என்று வைக்கலாம். ஒரே வகையானால் ஒரே விதமான கோளாறு இரண்டையும் கெடுத்துவிடக் கூடும். பென் டிரைவைப் பல ஆண்டுகள் தொடாமல் பெட்டியில் வைத்தால் அதில் எழுதியவை மெல்ல அழிந்து போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒன்று: ஒரு படியாவது வேறோர் ஊரில், அல்லது நம்பகமான இணையச் சேமிப்பில் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது அடி நம் கடலூர் மாவட்டத்தாருக்கு மிகவும் பொருந்தும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கடற்கரை ஊர்களை வாரிச் சென்றது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. கடையில் ஒரு படியும், அதே தெருவில் உள்ள வீட்டில் ஒரு படியும் வைத்தால், ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். சேலத்திலோ திருச்சியிலோ உள்ள சித்தப்பா வீட்டில் ஒரு டிஸ்கை வைத்து, ஊருக்குப் போய் வரும் போதெல்லாம் மாற்றிக்கொண்டால் போதும்.

பெரிய அரசுகளும் இதில் தவறியதுண்டு. தென் கொரியாவில் டேஜான் நகரில் இருந்த அரசின் தகவல் நிலையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர் தங்கள் அலுவல் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஒரு சேமிப்பு எரிந்தது. அதன் அளவு 858 டெராபைட், அதாவது எட்டரை இலட்சம் ஜிகாபைட்டுக்கும் மேல். அவ்வளவு பெரியதற்கு வெளியே நகல் வைப்பது கடினம் என்று விட்டிருந்தார்கள். நமக்கோ அந்தச் சாக்குக் கிடையாது. ஒரு மளிகைக் கடையின் பல ஆண்டுக் கணக்கும் கட்டைவிரல் அளவுள்ள பென் டிரைவில் அடங்கிவிடும்.

பாட்டன், தந்தை, மகன்

ஒரே டிஸ்கில் ஒவ்வொரு நாளும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதிலும் ஆபத்து உண்டு. இன்று கணக்கில் ஒரு தவறு புகுந்தால், மாலையில் அந்தத் தவறே நகலிலும் ஏறிவிடும். இதற்கென ஒலிநாடா போன்ற காந்த நாடாக்களில் தகவலைச் சேமித்த காலத்திலேயே ஒரு முறை வகுத்திருந்தார்கள். அதன் பெயர் "பாட்டன்–தந்தை–மகன்" முறை.

நாள்தோறும் எடுக்கும் நகல் மகன். வாரக் கடைசியில் எடுத்துத் தனியே வைப்பது தந்தை. மாதக் கடைசியில் எடுத்து வெளியூருக்கு அனுப்புவது பாட்டன். மகன் கெட்டால் தந்தையிடம் கேட்கலாம், தந்தையும் கெட்டால் பாட்டனிடம் கேட்கலாம். குடும்பத்தைப் போலவே இங்கும் பெரியவர்களிடம் பழைய செய்தி இருக்கும்!

கைப்பேசியும் கணிப்பொறியும் தாமாகவே இணையத்தில் சேமிக்கின்றனவே, அது போதாதா என்று பெற்றோர் கேட்கக்கூடும். அவற்றுள் பல, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல நடந்துகொள்ளும். இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பழைய வடிவங்களைச் சில நாட்களுக்காவது வைத்திருக்கும் வசதி உள்ளதா என்று அறிந்த பிறகே அதை நகல் என நம்பலாம்.

பூட்டிப் பணம் கேட்கும் திருடர்

முன்காலத்துத் திருடன் பொருளை எடுத்துச் சென்றான். இக்காலத்தில் ஒரு வகைத் திருடர் நம் கோப்புகளை நம் கணிப்பொறியிலேயே புரியாத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கின்றனர். இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். மின்னஞ்சலில் வரும் ஒரு போலிக் கோப்பைத் திறந்தாலே இது உள்ளே புகுந்துவிடக் கூடும். கணிப்பொறியோடு எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்கையும் இது சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே நகல் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும்.

2022 நவம்பர் 23 அன்று புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இத்தகைய தாக்குதல் நடந்தது. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவு, இரத்தப் பரிசோதனை முதலிய பணிகளைப் பல நாட்கள் காகிதத்தில் எழுதிச் செய்தார்கள். ஆயினும் தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு நகல் சர்வர் தனியே இருந்தது. அதிலிருந்து நோயாளிகளின் தகவல்களை மீட்டு, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பெரும்பாலான பணிகளைத் திரும்பத் தொடங்கினார்கள். ஓர் அரசினர் மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்கு அந்த ஒரு நகல் எவ்வளவு பெரிய துணையாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே இலங்கையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு அரசின் கணிப்பொறிச் சேமிப்பு தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரை வந்த அரசு மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்த இடைக்காலத்துக்கு நகல் இல்லாததே காரணம்.

நம் நாட்டில் இத்தகைய மோசடிக்கு ஆளானவர் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். இதைப் பெற்றோர் தங்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்வது நல்லது.

ஐந்து நகல்கள் இருந்தும்...

இனி, எங்கள் தோழிக்கு ஆறுதல் தந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். உலகெங்கும் உள்ள கணிப்பொறி நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியியலாளர், ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறொரு சர்வரில் அழித்துவிட்டார். தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தகவல் போய்விட்டது.

நகல் எடுக்க அவர்களிடம் ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஒன்று கூட உடனே உதவும் நிலையில் இல்லை. நாள்தோறும் நகல் எடுக்க வேண்டிய நிரல் பொருந்தாத வடிவத்தில் இருந்ததால் வேலை செய்யாமலே இருந்தது. "நகல் எடுக்க முடியவில்லை" என்று அது அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பொறியியலாளரே வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு படி தற்செயலாக இருந்தது. அதைக் கொண்டு மீண்டார்கள். ஆறு மணி நேர வேலை மட்டும் மீளவில்லை.

அந்நிறுவனத்தார் தவறை மறைக்கவில்லை என்பதே எங்களை வியக்கச் செய்தது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று முழுவதையும் உலகறிய எழுதினார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் எல்லோரும் காணும்படி செய்தார்கள். இதைப் படித்த பிறகே எங்கள் தோழி, "என் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் ஆண்டு மலரில் எழுதுங்கள்" என்று எங்களிடம் கூறினாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. திறந்து பார்க்காத நகல் ஏட்டுச் சுரைக்காயே. இருக்கிறது என்று நம்பியிருப்போம், சமைக்கப் போகும்போது கையில் ஒன்றும் இராது. நகல் எடுப்பது பாதி வேலை, அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதே மீதி வேலை. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

எங்கள் கணிப்பொறி ஆசிரியையின் உதவியோடு, புதிய கணிப்பொறியில் தோழியின் கடைக் கணக்குக்கு முறையாக நகல் எடுத்தோம். இம்முறை கணக்கு நிரலிலேயே உள்ள "பேக்கப்" என்னும் கட்டளையைப் பயன்படுத்தினோம். பின்பு, கடைக் கணிப்பொறியைத் தொடாமல், எங்களில் ஒருத்தியின் வீட்டுக் கணிப்பொறியில் அந்நகலைத் திறக்க முயன்றோம். திறக்கவில்லை! கடையில் இருந்தது நிரலின் புதிய வடிவம், வீட்டில் போட்டது பழைய வடிவம். அதைச் சரி செய்தால் கடவுச்சொல் கேட்டது. அது தோழியின் தந்தைக்கு மட்டுமே தெரியும், அவரோ பண்ருட்டிக்குப் போயிருந்தார். மறு சனிக்கிழமைதான் கணக்கு முழுவதும் திரையில் தெரிந்தது. அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. இடர் நேர்ந்த நாளில் தெரிய வேண்டிய இரண்டு குறைகள், சாதாரண நாளிலேயே தெரிந்துவிட்டன அல்லவா?

இதிலிருந்து நாங்கள் தொகுத்த குறிப்புகள் இவை:

1. வேறெங்கும் இல்லாத தகவல் எது என்று பட்டியல் எழுதுக.

2. நகல் எடுத்ததும் அதன் அளவைப் பார்க்க. அசல் பெரியதாகவும் நகல் மிகச் சிறியதாகவும் இருந்தால் ஐயப்படுக.

3. டிஸ்கின் மேல் தேதி எழுதி ஒட்டுக. எடுத்தவர் பெயரை ஒரு நோட்டில் குறிக்க.

4. கடவுச்சொல் குடும்பத்தில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பிறர் கணக்கும் அதில் இருப்பதால், வெளியார் கையில் நகல் சிக்கவும் கூடாது.

5. மாதம் ஒருமுறை வேறொரு கணிப்பொறியில் நகலைத் திறந்து, ஏதேனும் ஒரு கணக்கை அசலோடு ஒப்பிடுக.

6. பழையவற்றை அவசரப்பட்டு அழிக்க வேண்டா. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளாகப் பதிவு செய்த நிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கணக்கின் நகலை நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது.

முடிவுரை

இப்போது எங்கள் தோழியின் கடையில் ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு கடை மூடிய பின், அவள் வீட்டில் நகல் டிஸ்கைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியில் தந்தையை அழைப்பாள். அவர் கடையிலிருந்து ஏதேனும் ஒரு வாடிக்கையாளர் பெயரைச் சொல்வார். அவள் நகலைப் பார்த்துப் பாக்கியைச் சொல்வாள். அவர் அசலைப் பார்த்து, "சரி" என்பார். இரண்டு பெயர், மூன்று பெயர், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கூட ஆகாது. வாடிக்கையாளர் வீடுகளுக்கெல்லாம் சிறு பற்று நோட்டும் மீண்டும் வந்துவிட்டது. பேரனைக் கொண்டு எழுதி வைத்த அந்தப் பாட்டிக்குத்தான் முதல் நோட்டை இலவசமாகக் கொடுத்தார்கள்.

வேறு கடைக்குப் போன குடும்பம் இன்னும் திரும்பி வரவில்லை. அதை நினைக்கும்போது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அன்புள்ள பெற்றோரே, தோழியரே! இம்மலரைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் உள்ள பென் டிரைவையோ டிஸ்கையோ எடுத்து வேறொரு கணிப்பொறியில் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது கணக்கா, கைகாட்டியா என்று இன்றே அறிந்துகொள்ளுங்கள். நம் சுரங்கத்தில் நீர் புகும் வரை காத்திருந்தா பம்பை ஓட்டுகிறார்கள்? அவ்விழிப்பை நாமும் கைக்கொள்வோமாக!